நூற்றுப் பதினேழாம் தோடு

சங்கு ஊதியபோது டாக்டர் நிறைமதி இரண்டாவது இட்லியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

விட்டுவிட்டு ஊதினால் தீ. இழுத்து ஒரே மூச்சாக ஊதினால் கறுப்பிருமல். இது நிற்காமல் ஊதியது. சாப்பாட்டு அறையில் இருந்த அத்தனை பேரும் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். அந்தக் கட்டடத்துக்கே கால்நடை மருத்துவர் அவள் ஒருத்திதான்.

கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டே ஆறாவது மாடியின் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினாள்.

தொப்பூர் மலைச் சரிவில் நின்ற அந்தக் கட்டடத்துக்குப் பன்னிரண்டு மாடிகள். ஜன்னல் என்று ஒன்றுகூடக் கிடையாது. உள்ளே முப்பதாயிரம் பன்றிகள். அவை மூச்சு விடும் காற்று முழுவதும் குழாய் வழியாக வந்து குழாய் வழியாகவே போனது. எந்த அறைக்கு எவ்வளவு காற்று, எந்த விசிறி எப்போது சுழல வேண்டும் என்பதையெல்லாம் ஓர் இயந்திரம் தீர்மானித்தது. காகிதத்தில் அதன் பெயர் பிராணா. வேலை செய்கிறவர்கள் காத்துக்காரன் என்றார்கள்.

எட்டு வருடங்களுக்கு முன்னால் கறுப்பிருமல் பன்றிகளிடமிருந்து மனிதர்களுக்குத் தாவி, இரண்டு மாவட்டங்களில் ஊர் ஊராகக் காலி செய்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் காற்றடைப்புச் சட்டம். ஓர் அறையில் நோய் தென்பட்டால் அந்த அறையின் காற்றை அடைத்துவிட வேண்டும். அடைத்த அறைக்குள் கீழிருந்து கரியமில வாயு ஏறும். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். நோயைக் கண்டுபிடிப்பது இயந்திரம். ஆனால் உயிரை எடுக்கும் உத்தரவை இயந்திரத்திடம் விடக் கூடாதென்று யாரோ ஒரு நல்ல மனிதர் சட்டத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார். மருத்துவரின் கட்டைவிரல் ரேகை வேண்டும். அதை அரை மணி நேரத்துக்குள் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் செய்தி நேராக அரசாங்கத்துக்குப் போகும். பன்னிரண்டு மாடிக்கும் சேர்த்துக் காற்று நிற்கும்.

வேலையில் சேர்ந்த பதினான்கு மாதங்களில் நிறைமதி ஒருமுறைகூட அந்த விரலை வைத்ததில்லை.

கட்டுப்பாட்டு அறையில் மேற்பார்வையாளர் நஞ்சப்பன் திரைக்கு முன்னால் நின்றிருந்தார். ஐம்பது வயது, கட்டுமஸ்தான ஆள். எதற்கும் அசராதவர் என்று பெயர். இப்போது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

திரையில் சிவப்பு எழுத்து மின்னியது. எட்டாவது மாடி, மூன்றாம் அறை. பன்றி எண் நூற்றுப் பதினேழு. இடைவிடாத வறட்டு இருமல். உடல் வெப்பம் முப்பத்தாறு, பன்றிக்கு இருக்க வேண்டியதைவிட மூன்று டிகிரி குறைவு. கறுப்பிருமலின் கடைசிக் கட்டம் அப்படித்தான் இருக்கும். காய்ச்சல் இறங்கி உடம்பு சில்லிட்டுப் போகும். இருமல் மட்டும் நிற்காது. இயந்திரம் சந்தேகம் வந்த கணமே அந்த அறையின் விசிறிகளை நிறுத்தியிருந்தது. இருபத்தாறு நிமிடங்கள் மீதி.

"நூத்திப் பதினேழா?" என்றாள் நிறைமதி.



அந்த எண் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. திங்கட்கிழமை காலையில் அதன் வயிற்றைக் கிழித்தவள் அவள்தான். குடலில் புண், உள்ளேயே ரத்தம் கசிந்து செத்திருந்தது. அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். செத்த பன்றியின் காதிலிருந்து கழற்றிய அட்டையைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டியது நஞ்சப்பனின் வேலை. இன்று வெள்ளிக்கிழமை. நான்கு நாள் முன்பு செத்த பன்றி எட்டாவது மாடியில் இருமிக்கொண்டிருந்தது.

பன்றிகளின் காதில் மாட்டுகிற அட்டை அது. விரல் நகம் அளவுதான் இருக்கும். மூச்சைக் கேட்கும், சூட்டை அளக்கும், எங்கே நிற்கிறது என்று சொல்லும். அறைக்குள் கேமரா வைத்துப் பார்த்தார்கள். தூசியும் அம்மோனியாவும் சேர்ந்து ஒரு மாதத்தில் கண்ணாடியைப் பால் மாதிரி ஆக்கிவிட்டன. அதனால்தான் அட்டை வந்தது. தொழிலாளர்கள் அதைத் தோடு என்பார்கள்.

நிறைமதி நூற்றுப் பதினேழின் நடமாட்டத்தை விரித்துப் பார்த்தாள். ஒரு மஞ்சள் கோடு அறையின் குறுக்கே போனது. நான்காம் பட்டியிலிருந்து ஐந்துக்கு. ஐந்திலிருந்து நடைபாதைக்கு. அங்கிருந்து மறுபடி நான்குக்கு. பட்டிகளுக்கு நடுவே இரும்புக் கம்பித் தடுப்பு இருக்கிறது. பன்றி தாண்டாது. கதவைத் திறந்து, உள்ளே போய், திரும்பச் சாத்துகிற ஒன்றுதான் அப்படி நடக்கும்.

"யாருண்ணே உள்ள இருக்காங்க?"

பதிவேட்டில் எட்டாவது மாடிக்கு இன்று யாரும் இல்லை என்றார் நஞ்சப்பன். அதை அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பதிவேடு கேக்கல. யாருன்னு கேக்கறேன்."

"மாதம்மாள்" என்றார் அவர்.

மாதம்மாளை அவளுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். பட்டிகளின் தரைக்கடியில் ஓடும் கழிவுக் கால்வாயில் இறங்கி வழிப்பவள். கட்டடம் திறந்த நாளிலிருந்து இருந்தவள். சித்திரையில் நடந்த நுரையீரல் சோதனையில் தேறாமல் பெயரை அடித்துவிட்டார்கள். அந்தத் தாளில் நிறைமதியின் கையெழுத்து இல்லை. மனிதர்களைச் சோதிப்பது வேறொரு டாக்டர். பெயர் போன மறுவாரமே அவளை நஞ்சப்பன் திரும்ப வேலைக்கு விட்டிருக்கிறார். அடையாள அட்டை கிடையாது, முகமூடி கிடையாது. வாசலில் வந்து இரண்டு தட்டு தட்டுவாள். இவர் இங்கே உட்கார்ந்தபடி கதவைத் திறந்துவிடுவார். நேரில் பார்ப்பதுகூட இல்லை.

"பேரைத்தான எடுத்தாங்க. வயித்தை எடுக்கலீங்களே" என்றார் நஞ்சப்பன்.

"தோடு எதுக்கு அவங்ககிட்ட?"

அப்போதுதான் அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். இது இவளுக்குத் தெரியாதா என்கிற ஆச்சரியம் அந்தக் கலவரத்திலும் அவர் கண்ணில் தெரிந்தது.

"பன்னி மூச்சு விட்டாத்தான் காத்துக்காரன் காத்து விடுவானுங்க டாக்டரம்மா. கால்வாய் வழிக்கறப்போ பன்னிங்கள ஒரு பக்கமா ஓட்டிட்டு மறுபக்கத்தைக் காலி பண்ணுவோம். காலியா கெடக்குதுன்னு அங்க ஃபேனை அமத்திடுவான். ஆனா வழிக்கறவ அங்கதான இருக்கறா. கிளறக் கிளற வாயு மேல வரும். கண்ணு எரியும், நெஞ்சை அடைக்கும். தோடு ஒண்ணைக் கழுத்தோரமா குத்திக்கிட்டா அங்க ஒரு பன்னி நிக்குதுன்னு நெனச்சுக் காத்து விடுவான்."

"மனுஷங்க நின்னா விடமாட்டானா?"

"மனுஷங்களப் பத்தி அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

பன்னிரண்டு மாடியிலும் இதுதான் வழக்கமாம். செத்த பன்றியை ஒரு வாரம் கணக்கில் உயிரோடு வைத்திருப்பார்கள். கால்வாய் இறங்குகிறவர் அதன் பெயரில் மூச்சு விடுவார். பிறகு அடுத்தது சாகும், அதன் தோடு வரும். இத்தனை நாள் தோடு போட்டவர்கள் யாரும் மாதம்மாளைப் போல இருமியதில்லை. அதனால் இயந்திரம் ஏமாந்தது. இன்று அதற்கு இருமல் கேட்டது. கேட்டதை அப்படியே நம்பிவிட்டது.

இருபத்திரண்டு நிமிடங்கள்.

மேலாளர் பிரகலாத் சென்னையிலிருந்து திரையில் வந்தார். சட்டைக் கஞ்சி மடங்காத ஆள். நிறைமதி சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை. முடித்ததும், இதெல்லாம் எங்கேயாவது பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

தவறான எச்சரிக்கை என்று போட்டு ரத்து செய்துவிடுகிறேன் என்றாள் அவள். செய்யலாம் என்றார் அவர். ஆனால் இயந்திரம் காரணம் கேட்கும். ஒன்பது காரணங்கள் வரிசையாக இருக்கும். அதில் மனிதன் என்று எதுவும் கிடையாது. பத்தாவதாக இதர என்று ஓர் இடம் உண்டு. அதில் எழுதுவது அந்தக் கணமே அரசாங்கத்துக்குப் போகும். பெயரில்லாத, முகமூடியில்லாத, நுரையீரல் கெட்ட ஒரு பெண் பன்றியின் தோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தாள் என்று எழுதினால் சாயங்காலத்துக்குள் கட்டடத்துக்குச் சீல். முப்பதாயிரமும் போகும். நானூறு குடும்பம் தெருவில் நிற்கும். முதலில் கைதாகப்போவது மருத்துவர்தான், ஏனென்றால் சட்டப்படி இந்தக் கட்டடத்தின் காற்றுக்குப் பொறுப்பு அவர். இதையெல்லாம் பிரகலாத் மிரட்டலாகச் சொல்லவில்லை. ரயில் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

"டாக்டர், சாம்பிள் எடுக்க ஒரே ஒரு தடவை கதவு திறக்கும். தொண்ணூறு செகண்ட். அந்தம்மாவை வெளிய எடுத்துடுங்க. அப்புறம் கதவைச் சாத்திட்டு விரலை வைங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகாது. பன்னிதானே போகுது."

நிறைமதி அந்த அறையை நினைத்தாள். இருநூற்றுப் பத்துப் பன்றிகள். ஒன்றுக்கும் ஒரு நோயும் இல்லை. ஆறு வாரத்தில் எப்படியும் இறைச்சியாகப் போகிறவை. அந்த எண்ணம் இவ்வளவு சுலபமாகத் தனக்குள் வந்து உட்கார்ந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எழுந்து போ என்று அதைத் துரத்தவும் இல்லை. மாதம்மாள் பிழைப்பாள். நானூறு பேருக்கும் நாளைக்கு வேலை இருக்கும். தான் சிறைக்குப் போக வேண்டாம்.

இந்த யோசனையில் அவள் நஞ்சப்பனைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள்.

அவர் ஒலிபெருக்கியின் பொத்தானை அழுத்தியிருந்தார். எட்டாவது மாடிக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

"மாதம்மா, நஞ்சப்பன் பேசறேன். தோட்டைக் கழட்டிப் போட்டுடு. ஒடனே கழட்டு. கதவுகிட்ட வந்து நில்லு."

தோட்டால் வந்த வினை, தோட்டைக் கழற்றினால் போய்விடும் என்று நினைத்துவிட்டார் மனிதர். நிறைமதி பாய்ந்து பொத்தானை அணைப்பதற்குள் திரையில் மஞ்சள் கோடு நின்றது. மூச்சு பூஜ்யம். சூடு இறங்கத் தொடங்கியது.

நூற்றுப் பதினேழு இறந்தது என்றது இயந்திரம். சந்தேகம் என்ற சொல் அழிந்து உறுதி என்று மாறியது. நோய் உயிரைக் குடித்துவிட்டால் சட்டம் அரை மணி நேரம் தருவதில்லை. திரையின் மூலையில் பத்தொன்பது என்று இருந்த எண் ஐந்து ஆனது.

"நான் என்ன பண்ணிப்போட்டேன்" என்றார் நஞ்சப்பன்.

"ஓடுங்கண்ணே" என்றாள் அவள்.

லிஃப்டை இயந்திரம் முன்பே பூட்டியிருந்தது. இரண்டு மாடிப் படியை இருவரும் ஏறினார்கள். எட்டாவது மாடியில் மூன்றாம் அறைக் கதவுக்கு முன்னால் வந்து நின்றபோது மூன்று நிமிடம் பத்து வினாடி மீதி இருந்தது. நிறைமதி முகமூடியை மாட்டினாள். சாம்பிள் என்ற பொத்தானைத் தொட்டு விரலை வைத்தாள். கதவு பெருமூச்சு விட்டுக்கொண்டு திறந்தது.

வெந்நீர்ப் பானையின் மூடியைத் திறந்தது போல உள்ளிருந்து ஆவி அடித்தது. கால் மணி நேரமாக விசிறி இல்லாத அறை. இருநூற்றுப் பத்து உடம்புகளின் சூடும் கீழே கிளறிவிட்ட கழிவின் வாயுவும் சேர்ந்து ஒரு பழுப்பு மூட்டமாக நின்றது. முகமூடியைத் தாண்டிக் கண்ணீர் வழிந்தது. பன்றிகள் கத்தவில்லை. வாயைப் பிளந்து, மூச்சு வாங்க வாங்க, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.

மாதம்மாள் கதவிலிருந்து நாலு எட்டில் இருந்தாள். முந்தானையால் மூக்கையும் வாயையும் கட்டியிருந்தாள். முட்டி போட்டு, ஒரு கையால் கம்பித் தடுப்பைப் பிடித்திருந்தாள். கதவுப் பக்கம் அவள் பார்க்கவில்லை. உள்பக்கமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். அவள் கம்பியை விடவில்லை. இன்னொரு கையை மூட்டத்துக்குள் நீட்டி, "அவ" என்றாள். அதற்குமேல் இருமல் விடவில்லை.

"வாயு தலைக்கு ஏறிடுச்சுங்க. என்ன பேசறோம்னே தெரியாது. பன்னியக்கூட அவ இவன்னுதான் சொல்லுவா" என்றார் நஞ்சப்பன். சொல்லிக்கொண்டே கம்பியிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

நிறைமதி ஒருதரம் உள்ளே பார்த்தாள். மூட்டம். இளஞ்சிவப்பு முதுகுகள். நிற்கிற உருவம் எதுவும் இல்லை. கதவின் மேலே எண் இருபத்தெட்டு, இருபத்தேழு என்று இறங்கியது.

இழுத்து வெளியே போட்டு, தோளால் முட்டிக் கதவைச் சாத்தினாள்.

கதவோரத்துச் சிறு திரை அவளிடம் கேட்டது: அறை எட்டு மூன்று. உள்ளே உயிர்கள் இருநூற்றுப் பத்து. உறுதி செய்க.

அந்த எண்ணை அவள் இரண்டு முறை படித்தாள். இருநூற்றுப் பத்து. சரியாக இருந்தது. கட்டைவிரலை வைத்தாள்.

சுவருக்குள் எங்கேயோ இரும்புப் பலகைகள் வரிசையாக இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு சீறல். அதன் பிறகுதான் பன்றிகள் கத்தின. கதவு ஒரு சாண் தடிமன். அதையும் மீறி அது வந்தது. நஞ்சப்பன் காதைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். நிறைமதி பொத்திக்கொள்ளவில்லை. செய்ததைக் கேட்கவாவது வேண்டும் என்று நின்றாள். ஆறு நிமிடம் ஆனது.

மாதம்மாளைச் சுமந்து ஆறாவது மாடிச் சிகிச்சை அறைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே பன்றிக்குட்டிகளுக்கென்று ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. அதன் மூடி சிறியது, மூக்கில் நிற்கவில்லை. நிறைமதி கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நீலமாக இருந்த உதடு மெல்ல மெல்ல நிறம் மாறியது. மூச்சுக்கு மூச்சு நெஞ்சில் விசில் அடித்தது. ஆனால் மூச்சு இருந்தது.

பதினொன்றரைக்குப் பிரகலாத் பேசினார். அரசாங்கத்திலிருந்து ஒப்புதல் வந்துவிட்டதாம். விரைவாகச் செயல்பட்டதற்காக மருத்துவரைப் பாராட்டிக் குறிப்பும் வந்திருக்கிறதாம். மற்ற மாடிகளில் வேலை தொடரலாம். எட்டின் மூன்றை மட்டும் சட்டப்படி மூன்று நாள் திறக்கக் கூடாது.

"ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கீங்க டாக்டர். அதை மட்டும் நெனச்சுக்குங்க" என்றார்.

அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டாள். அறிக்கையில் கறுப்பிருமல் உறுதி என்று எழுதினாள். நஞ்சப்பன் டீ வாங்கிவந்து பக்கத்தில் வைத்தார். இனிமேல் தோடு போடும் வேலையே வேண்டாம், செத்ததை எல்லாம் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்று தானாகவே சொன்னார். அப்படியானால் கால்வாய்க்குள் இறங்குகிறவர்கள் எந்தக் காற்றில் மூச்சு விடுவார்கள் என்று நிறைமதி கேட்டாள். நாளைக்கு உட்கார்ந்து பேசுவோம் என்றாள். நிஜமாகவே பேச நினைத்தாள். மனிதர்களுக்கும் ஓர் அட்டை, அவர்களுக்கும் ஒரு விசிறி, முகமூடிக்கு மாற்று வடிகட்டி என்று ஒரு தாளில் வரிசையாகக் குறிக்கக்கூடத் தொடங்கியிருந்தாள்.

ஒரு மணி சுமாருக்கு மாதம்மாள் கண்ணைத் திறந்தாள்.

முதலில் கூரையைப் பார்த்தாள். பிறகு நிறைமதியை. பிறகு தலையைத் திருப்பி, பக்கத்தில் காலியாகக் கிடந்த கட்டிலை நெடுநேரம் பார்த்தாள். மூக்கிலிருந்த மூடியைக் கையால் தள்ளினாள். பேச வேண்டாம் என்று நிறைமதி சொன்னதை அவள் கேட்டதாகத் தெரியவில்லை.

"எம் மருமவள எங்க படுக்க வெச்சிருக்கீங்க டாக்டரம்மா? கால்வாய்க்குள்ள எறங்குனது அவதான். இருந்தது ஒரே தோடு. எப்பவும் அவதான் குத்திக்குவா, இன்னிக்கு அத்தே, நீதான் இருமறே, நீயே வெச்சுக்கோன்னு என் ரவிக்கையில குத்திவுட்டுட்டுப் போனா."